ரோமில் ஒரே ஒரு சனிக்கிழமை: எந்த அரண்மனைக்குப் போவது?

கேள்வி:
அடுத்த மாதம் அம்மாவை ரோமுக்கு அழைத்துப் போகிறேன். முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். வத்திக்கான் நெரிசலில் அவரால் நிற்க முடியாது. பிரபுக் குடும்பங்களின் அரண்மனைகளில் நிதானமாகப் படம் பார்க்கலாம் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை. எங்கே போகலாம்?

பதில்:
டோரியா பாம்ஃபிலி அரண்மனைக்குப் போங்கள், வியா தெல் கோர்சோ தெருவில் இருக்கிறது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். படங்கள் வரிசைக்கு மேல் வரிசையாகச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும். பலவற்றில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நான் போனபோது ஆடியோ வழிகாட்டியில் பேசியவர் அந்தக் குடும்பத்தின் வாரிசு. எங்கள் வீடு, எங்கள் படம் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்பது தனி அனுபவம்.

ஒரு சிறிய அறையில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த போப் பத்தாம் இன்னசன்ட் இருக்கிறார். இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான். அங்கி, தொப்பி, நாற்காலி, பின்திரை எல்லாமே சிவப்பு. அத்தனை சிவப்புக்கு நடுவிலும் அந்தக் கண்கள்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. பக்கத்திலேயே அதே போப்பை சிற்பி பெர்னினி சலவைக்கல்லில் வடித்திருக்கிறார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பாருங்கள்.

பிறகு இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் படம். எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் குழந்தை இயேசுவை அணைத்தபடி மரியாள் தூங்கிப்போகிறாள். தேவதூதன் வயலின் வாசிக்க, அவள் கணவர், கிழவர் யோசேப்பு இசைத்தாளைப் பிடித்திருக்கிறார். அவருடைய வெறுங்காலைக் கவனியுங்கள், நடந்து களைத்தவரின் கால். அவர் தலைக்குப் பின்னால் கழுதையின் ஒற்றைக் கண் இசை கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்காகவே நான் இரண்டாம் முறை போனேன்.

இன்னொருவர்:
சனிக்கிழமை என்றால் கொலோன்னா அரண்மனையை விடாதீர்கள். பொதுமக்களுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் திறப்பார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். 1849இல் ரோமை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை சுட்ட பீரங்கிக் குண்டு, விழுந்த படிக்கட்டிலேயே இன்றும் கிடக்கிறது. ஓவியர் அன்னிபாலே கராச்சியின் 'அவரைப்பயறு உண்பவன்' படமும் அங்கேதான். கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நம்மைப் பார்த்து நின்றுவிட்டது போல இருக்கும். அங்கிருந்து டோரியாவுக்கு நடந்தே போகலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காலையில் கொலோன்னா, பிற்பகல் டோரியா. யோசேப்பின் கையிலிருப்பது நிஜமான இசையா என்று அம்மா கேட்கிறார்.

முதலில் பதில் சொன்னவர்:
நிஜமான இசைதான். நோயல் போல்டவைன் என்ற இசையமைப்பாளர் இயற்றிய ஒரு மோட்டெட், அதாவது பல குரல்களில் பாடும் பக்திப் பாடல்; பைபிளின் உன்னதப்பாட்டு வரிகளுக்கு அமைத்தது. சுரங்களைப் படித்துப் பாடலாம், அவ்வளவு தெளிவாக வரைந்திருக்கிறார் கரவாஜியோ.