டிஸ்சார்ஜ் சீட்டில் "ஏ ஃபெப்ரைல்" என்று போட்டிருக்கிறார்கள், காய்ச்சலோடு அனுப்பிவிட்டார்களா?

வாய்க்கால்கரை | இரவு 9.40

வணக்கங்க. கொஞ்சம் அவசரம். பாப்பாவுக்கு இரண்டே முக்கால் வயது. சனிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் ஏறி, மடியில் இருந்தபடியே கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்துவிட்டது. எங்கள் கணக்குக்கு ஒரு யுகம், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது இரண்டு நிமிடம். ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து இன்று மதியம் அனுப்பினார்கள். டாக்டர் விளக்கிச் சொன்ன நேரத்தில் நான் பில் கட்டும் வரிசையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தால் மேலே "சிம்பிள் ஃபெப்ரைல் சீஷர்" என்று இருக்கிறது. கீழே "ஏ ஃபெப்ரைல் ஃபார் 24 ஹவர்ஸ்". கடைசியில் பாராசிட்டமால் சிரப்புக்குப் பக்கத்தில் "எஸ்ஓஎஸ் இஃப் ஃபெப்ரைல்". ஃபெப்ரைல் என்று போனில் தேடினேன், "காய்ச்சல் உள்ள" என்று வருகிறது. அப்படியானால் 24 மணி நேரமாகக் காய்ச்சல் இருக்கிற குழந்தையையா வீட்டுக்கு அனுப்பினார்கள்? எஸ்ஓஎஸ் வேறு போட்டிருக்கிறார்கள், கப்பல் மூழ்கும்போது சொல்வார்களே, அதுதானே? அம்மிச்சி "இப்பவே வண்டிய எடு, போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்" என்று வாசலில் நிற்கிறார். தெர்மாமீட்டரில் 98.2 தான் காட்டுகிறது. எதை நம்புவது?

வார்டு அக்கா | இரவு 9.52

வண்டியை எடுக்க வேண்டாம் தம்பி, அம்மிச்சியை உள்ளே வரச் சொல்லுங்கள். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், இந்தச் சொல்லைத் தினமும் எழுதுகிறவள்.

ஒன்று கேட்கிறேன், சீட்டை நன்றாகப் பாருங்கள். ஏ என்ற எழுத்துக்கும் ஃபெப்ரைலுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா, ஒட்டி இருக்கிறதா?

வாய்க்கால்கரை | இரவு 9.55

ஒட்டித்தான் இருக்கிறது அக்கா. வரியின் முதல் எழுத்து என்பதால் பெரிய ஏ. "ஒரு" என்கிற ஏ என்று நினைத்து, அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தேடினேன்.

வார்டு அக்கா | இரவு 10.04

அதுதான் விஷயம். ஏஃபெப்ரைல் என்பது ஒரே சொல். காய்ச்சல் இல்லாத என்று பொருள். 24 மணி நேரமாகக் காய்ச்சலே வரவில்லை, அதனால் அனுப்புகிறோம் என்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தெர்மாமீட்டரும் அதையே சொல்கிறது.

சிம்பிள் என்று போட்டிருப்பதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள், நிறையப் பெற்றோர் கோபிப்பார்கள். காய்ச்சலால் வரும் ஃபிட்ஸ் 15 நிமிடத்துக்குள் நின்று, உடம்பு முழுவதும் ஒன்றுபோல வெட்டி, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வராமல் இருந்தால் அந்த வகைக்குப் பெயரே சிம்பிள். உங்கள் வீட்டில் நடந்ததைச் சாதாரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வருகிறது.

எஸ்ஓஎஸ்ஸுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை. மருந்துச் சீட்டில் அது லத்தீன் சுருக்கம், "சி ஓபுஸ் சிட்", தேவைப்பட்டால் என்று அர்த்தம். ஆக அந்தக் கடைசி வரி, "காய்ச்சல் வந்தால் மட்டும் இந்த சிரப்பைக் கொடுங்கள்". அவ்வளவுதான்.

பவர்டேபிள் | இரவு 10.11

ஃபெப்ரைல், பிப்ரவரி எல்லாம் ஒரே வேர்தானுங்க, குளிர் மாதத்தில் காய்ச்சல் வரும் என்று வைத்த பெயர். அப்புறம் மறுபடி வெட்டு வந்தால் கையில் இரும்புச் சாவிக் கொத்தைக் கொடுங்கள், பல் கிட்டாமல் ஒரு கரண்டிக் காம்பை வாயில் வையுங்கள். திருப்பூரில் எங்கள் கம்பெனிப் பக்கம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

வார்டு அக்கா | இரவு 10.15

தயவுசெய்து வேண்டாம். சாவியால் எதுவும் நிற்பதில்லை, ஃபிட்ஸ் தானாக நிற்கும் நேரத்தில் நிற்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது. கரண்டிக் காம்பு பல்லை உடைக்கும், உடைந்த பல் மூச்சுக்குழலில் போகும். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட. ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கழுத்து விறைத்தாலோ, எழுப்பியும் தெளியாமல் கிடந்தாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடுத்த காய்ச்சலிலோ அதற்கடுத்ததிலோ திரும்ப வருவதுண்டு. சிரப் கொடுத்தால் குழந்தைக்கு அலுப்பு குறையும், ஆனால் ஃபிட்ஸை அது தடுத்துவிடும் என்று நம்பி இராமுழுக்க விழித்திருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தி | இரவு 10.38

மருத்துவத்தை நர்ஸம்மா பார்த்துக்கொண்டார், சொல்லை நான் பார்க்கிறேன். கோபியில் முப்பது வருடம் இதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

முதலில் பிப்ரவரி. அது "ஃபெப்ருவா" என்ற ரோமானியச் சுத்திகரிப்புச் சடங்கிலிருந்து வந்த மாதப் பெயர். ஃபெப்ரைல் வருவது "ஃபெப்ரிஸ்" என்ற லத்தீன் சொல்லிலிருந்து, அதற்குக் காய்ச்சல் என்று பொருள். ரோமாபுரியில் ஃபெப்ரிஸ் என்றே ஒரு காய்ச்சல் தெய்வம் இருந்தது, பாலட்டைன் குன்றில் கோயிலும் கட்டி வைத்திருந்தார்கள். சிரிக்காதீர்கள். நம் பவானி கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயிலுக்குள் மூன்று காலோடு நிற்கிறாரே ஜுரஹரேசுவரர், அவருக்கு மிளகு ரசம் படைத்தவர்கள் இந்த இழையிலேயே இருப்பார்கள்.

உச்சரிப்பு: அமெரிக்கர்கள் ஃபெப்ரைல், சிலர் ஃபெப்ரல் என்றும். பிரிட்டிஷ்காரர்கள் ஃபீப்ரைல் என்று நீட்டுவார்கள். வார்டில் எது கேட்டாலும் சொல் ஒன்றுதான்.

முன்னால் ஒட்டும் ஏ-வை நினைவில் வைக்க ஒரு வழி. நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். அந்த வடமொழி "அ"வும் ஆங்கிலத்துக்கு கிரேக்கத்திலிருந்து போன இந்த "ஏ"யும் தூரத்து உறவு, ஒரே மூதாதை மொழியிலிருந்து பிரிந்தவை. அசுத்தத்தில் "அ"வை வெட்டிவிட்டு அகராதி பார்த்தால் என்ன கிடைக்குமோ அதுதான் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது.

சரி, ஃபீவரிஷ் என்று எளிமையாக ஒரு சொல் இருக்க, இது எதற்கு? "ஐ ஃபீல் ஃபீவரிஷ்" என்றால் மேலுக்கு ஒரு மாதிரி கணகணவென்று இருக்கிறது என்பது. அளந்து பார்த்தால் காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஃபெப்ரைல் என்பது அளந்து பார்த்துவிட்டு எழுதுவது. அதனால்தான் "ஐ ஆம் ஃபெப்ரைல் டுடே" என்று லீவ் லெட்டர் எழுதினால் இலக்கணம் சரி, காதுக்கு இடிக்கும். "ஐ ஹேவ் எ ஃபீவர்" போதும்.

போகிற போக்கில் இன்னொன்று. "இந்த வாரம் செம ஹெக்டிக்" என்று ஷிப்மென்ட் சமயத்தில் பவர்டேபிள் தம்பி நூறு தடவை சொல்லியிருப்பார். அதுவும் முதலில் ஒரு காய்ச்சலின் அடைமொழிதான். காசநோய்க்காரருக்குச் சாயங்காலமானால் ஏறி, கன்னத்தில் சிவப்பு ஏற்றி, விடிந்தால் இறங்கும் காய்ச்சலை ஹெக்டிக் ஃபீவர் என்றார்கள். கிரேக்க மூலத்துக்கு "வழக்கமாகிவிட்ட" என்று அர்த்தம். பெருந்துறையில் இன்றைக்கும் ஒரு ஸ்டாப்பை சானடோரியம் என்கிறோமே, அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருந்த காலத்து கேஸ் ஷீட்டுகளில் இந்தச் சொல் இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். "ஓயாத பரபரப்பு" என்ற அர்த்தம் அதற்குப் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான்.

பவர்டேபிள் | இரவு 10.44

சாவியையும் பிப்ரவரியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேனுங்க. ஹெக்டிக் மட்டும் விடமாட்டேன், 20ஆம் தேதி கன்டெய்னர்.

மஞ்சமூட்டை | இரவு 11.02

வாத்தியாரய்யா, என் கதையையும் தீர்த்துவையுங்கள். மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன். முதலாளி ஷேர் வைத்திருக்கிறார், காலையில் இங்கிலீஷ் பேப்பரில் மார்க்கெட் பக்கத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். போன வாரம் "ஃபெப்ரைல் டிரேடிங்" என்று இருந்தது. நோயாளி என்று அர்த்தமாக்கி "மார்க்கெட் படுத்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். மதியம் டிவியைப் பார்த்துவிட்டு வந்து அவர் வாங்கின வாங்கு இருக்கிறதே. அங்கே ஏறுவதும் இறங்குவதுமாகக் கூத்து நடந்திருக்கிறது. காய்ச்சல் வந்தவன் படுக்கத்தானே செய்வான்?

ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தி | இரவு 11.20

நீங்கள் தமிழ்க் காய்ச்சலை நினைத்தீர்கள், அவன் வேறு காய்ச்சலை எழுதினான். நம் காய்ச்சலுக்கு எத்தனை முகம் பாருங்கள். உடம்புக்கு வந்தால் நோய். வயலில் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்றால் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது, அது பயிருக்கு நல்லது. "அவனுக்கு என் மேல காய்ச்சல்" என்றால் உள்ளுக்குள் பொருமல். இந்த மூன்றில் எதுவும் "ஃபெப்ரைல் டிரேடிங்"குக்குப் பொருந்தாது. தேர்தல் காய்ச்சல் என்கிறோமே, அது ஒன்றுதான் பக்கத்தில் வரும்.

ஆங்கிலேயன் மனதில் இருப்பது படுத்துக் கிடப்பவனல்ல, ஜுரவேகத்தில் எழுந்து உட்கார்ந்து பினாத்துகிறவன். ஃபெப்ரைல் மார்க்கெட்டில் ஒரு வதந்தி வந்தால் ஏறும், இன்னொன்று வந்தால் இறங்கும், நிதானம் இருக்காது. ஃபெப்ரைல் அட்மாஸ்ஃபியர் என்பதற்கு, உள்ளாட்சித் தேர்தலில் கடைசிச் சுற்று எண்ணுவதற்கு முன்னால் எண்ணும் இடத்துக்கு வெளியே நின்ற அனுபவம் இருந்தால் அகராதி வேண்டாம். யாராவது செருமினாலே நாற்பது தலை திரும்பும். ஃபெப்ரைல் இமாஜினேஷன் என்றால் கட்டுக்கு அடங்காமல் ஓடுகிற கற்பனை.

இங்கேயும் ஃபீவரிஷ் வேறுதான். ஃபீவரிஷ் ஆக்டிவிட்டி என்பது கை ஓயாத அவசரம், கன்டெய்னருக்கு முந்தின ராத்திரி திருப்பூரில் பெட்டி ஒட்டுவது போல. அதில் வேலை நடக்கும். ஃபெப்ரைலில் பதற்றம்தான் நடக்கும்.

தமிழில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். முதலாளியிடம் "மார்க்கெட் ஒரு நிலையில் இல்லீங்க, கொதிச்சுக்கிட்டு இருக்குது" என்று சொன்னால் போதும்.

மஞ்சமூட்டை | இரவு 11.26

நாளைக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஷேர் இறங்கிக் கிடந்தால் அதற்கும் எனக்குத்தான் விழும்.

வாய்க்கால்கரை | மறுநாள் அதிகாலை 4.50

அக்கா, முழித்திருக்கிறீர்களா? பாப்பா மேல் லேசாகச் சுடுகிறது. புதுத் தெர்மாமீட்டரில் எந்தப் பட்டனை அமுக்கினேனோ, செல்சியஸுக்கு மாறிவிட்டது. அக்குளில் 37.9 காட்டுகிறது. இது ஃபெப்ரைலா, ஏஃபெப்ரைலா?

வார்டு அக்கா | காலை 5.03

நைட் டூட்டிதான் தம்பி. 37.9ஐ 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் 100.2. நாங்கள் ஃபெப்ரைல் என்று எழுதும் கோடு 38, அதாவது 100.4. கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அக்குள் எப்போதும் உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதனால் இதைக் கோட்டின் மேல் நிற்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சிணுங்கினால் சீட்டில் எழுதின அளவு சிரப் கொடுங்கள், விளையாடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். கம்பளியை எடுத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் விடிந்ததும் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள்.

வாய்க்கால்கரை | காலை 5.41

கம்பளி அம்மிச்சி போர்த்தினது, இரண்டு. எடுத்துவிட்டு இப்போது பார்த்தால் 37.2. எழுந்து பிஸ்கட் கேட்கிறாள்.

வாய்க்கால்கரை | மூன்று நாள் கழித்து

ரிவ்யூவுக்குப் போய்வந்தோம். இந்தத் தடவை பில் வரிசைக்கு மச்சானை அனுப்பிவிட்டு நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். சீட்டின் முதல் வரியே "ஏஃபெப்ரைல், ஆக்டிவ்". அம்மிச்சிக்கு நானே படித்து அர்த்தம் சொன்னேன். "காய்ச்சல் இல்லைன்னு தமிழ்லயே எழுதிப்போட்டா பேனா தேஞ்சு போயிருமா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, சீட்டை வாங்கி, ஓரத்தில் "காய்ச்சல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது அம்மிச்சியின் சுருக்குப் பையில் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார்.