வாடகை தராதவரைக் காலி செய்ய வைப்பது எப்படி?

விருதம்பட்டு மாடிவீடு:
மாடி போர்ஷனை 7,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன், அட்வான்ஸ் 50,000. மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், "இன்னா சார், அட்வான்ஸ்தான் உங்க கையில கீதே, அதுல கழிச்சுக்கோங்க" என்கிறார். 11 மாத அக்ரிமென்ட் போன மாதமே முடிந்துவிட்டது. மாடிக்குக் கரண்ட் போகிற பீஸ் கேரியரைப் பிடுங்கி வைத்துக்கொள், தானாகப் போவான் என்கிறார் என் மச்சான். செய்யலாமா?

காட்பாடி கோர்ட் வாசல்:
மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள். கரண்ட், தண்ணீரை நிறுத்தினால் அவர் புகார் கொடுப்பார், குற்றம் உங்கள் மேல் திரும்பும். 2017இல் வந்து 2019 பிப்ரவரியில் அமலான தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலே காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம், ஆனால் முதலில் நோட்டீஸ், அதற்குப் பிறகு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அட்வான்ஸில் கழிக்கவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது காலி செய்த பிறகு பாக்கி, சேதாரம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருகிற பணம். அப்புறம், அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தீர்களா?

தோட்டப்பாளையம் அக்கா:
நான் பட்ட கதை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. சரியாக 27வது நாள், திண்ணையில் உட்கார்ந்து ஐந்நூறு ரூபாய்த் தாளாக எண்ணி வைத்துவிட்டார்! ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் காலி செய்ய வைக்க முடியாதாம். எரிச்சல்தான், ஆனால் பணமாவது வந்ததே தம்பி.

விருதம்பட்டு மாடிவீடு:
பதிவா? 20 ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான். 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்றார்களே?

காட்பாடி கோர்ட் வாசல்:
அது பழைய பேச்சு. இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். காலம் முடிந்த அக்ரிமென்ட் பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் ஓடும், அதிகபட்சம் ஆறு மாதம். புதிதாக எழுதக் கூப்பிடுங்கள், கூப்பிட்டதை வாட்ஸ்அப்பிலாவது பதிவாக வையுங்கள். அவர் மறுத்தால் அதுவே மனுவுக்குத் தனிக் காரணம். நோட்டீஸைத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு மாதக் கணக்கு அவர் கைக்குப் போன தேதியிலிருந்துதான்.

விருதம்பட்டு மாடிவீடு:
சரி, நாளைக்கே சத்துவாச்சாரி போய் வக்கீலைப் பார்க்கிறேன். பீஸ் கேரியரை நேற்றே மச்சான் பிடுங்கிவிட்டார், இப்போதுதான் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.