ஸ்டார்ட்டிங் பிஸ்டலைக் கழட்டித் துடைக்கணும்: ஹமர் பழுதாகாம எப்பிடி?

மைதானத்து_சேர் (களுவாஞ்சிகுடி)

வணக்கம். எங்கட பள்ளிக்கூடத்தில இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி கிட்ட வந்திட்டு. ஓட்டம் தொடக்கிற பிஸ்டல் சரிவர வெடிக்குதில்ல. 6 மில்லிமீட்டர் வெற்று ரவை (குண்டு இல்லாம மருந்து மட்டும் இருக்கிற தோட்டா) போடுற, சிலிண்டர் சுத்துற சாமான். ரவைய அடிக்கிற ஹமர் விழும், 'டிக்' எண்டு சத்தம் மட்டும் வரும். அதே ரவைய மறுகா அடிச்சாச் சிலநேரம் வெடிக்கும். 'தயார்' சொல்லி, பிள்ளையள் இடுப்பை உயர்த்திக்கொண்டு நிக்கக்குள்ள இப்பிடி நடந்தா ஒரு பிள்ள பாயும், மத்தப் பிள்ள நிக்கும், பிறகு ரெண்டும் அழும்.

மாரி முழுக்க விளையாட்டு அறை அலுமாரிக்குள்ள கிடந்த பிஸ்டல். கழட்டித் துடைப்பம் எண்டு பாத்தா, பக்கத் தகட்டில ஸ்குரு இருக்கு. வேற ஒரு பள்ளியில இப்பிடித்தான் கழட்டப் போய் ஹமர் நுனி உடைஞ்சு, அது இப்ப சும்மா கிடக்குது. அதான் கை வைக்க முன்னம் கேக்கிறன்.

கல்முனை_பட்டறை

சேர், ஸ்குருவில கை வைக்காதீங்க, முதல்ல ரவையப் பாருங்க. வெடிக்காத ரவைட விளிம்பில ஹமர் பட்ட தடம் இருக்கும். தடம் ஆழமா இருந்தும் வெடிக்கல்ல எண்டா ரவை ஈரம் பிடிச்சது, பிஸ்டலில பிழை இல்ல. தடம் மெல்லிசு எண்டா ஹமர்ட அடி போதாது.

ரெண்டாவது அடிக்கு வெடிக்குது எண்டீங்க. அதுதான் முக்கியமான அடையாளம். அனேகமா ரவை சிலிண்டரில அது இருக்கிற ஓட்டைக்குள்ள, அதாவது அறைக்குள்ள, முழுசா இறங்கியிருக்காது. முதல் அடிட வேகம் ரவைய உள்ள தள்ளுறதிலயே போயிரும், ரெண்டாவது அடிதான் மருந்தில படும். அறை வாயில கரி பிடிச்சிருந்தாலும் இப்பிடித்தான். வாய் நசுங்கியிருந்தாலும் இப்பிடித்தான். ஏன் நசுங்குது எண்டு கேட்டா, ரவை இல்லாம ட்ரிகரை இழுக்கிறதாலதான். இந்த வகைப் பிஸ்டலில ஹமர் நுனி ரவைட விளிம்பில அடிக்கிறது. ரவை இல்லாட்டி அது நேராச் சிலிண்டர் இரும்பில போய் முட்டும். நுனியும் மழுங்கும், அறை வாயும் பிதுங்கும். போட்டிக்கு முதல் நாள் ஆளாளுக்கு வாங்கி 'டிக் டிக்' எண்டு அடிச்சுப் பாக்கிற பழக்கத்தைத் தயவு செஞ்சு நிப்பாட்டுங்க.

இன்னொண்டு. வெடிக்காட்டி உடனே திறக்காதீங்க. பிஸ்டல் வாயை மேல பிடிச்சபடி அரை நிமிசம் நில்லுங்க. பிந்தி வெடிக்கிற ரவையும் இருக்கு.

மைதானத்து_சேர்

நன்றி தம்பி. தடம் மெல்லிசுதான். சிலிண்டரில எல்லா அறை வாயிலயும் கறுப்புப் படை. ரவை எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, பெருவிரலால ஹமரைப் பிடிச்சு மெதுவாப் பின்னுக்கு இழுத்துப் பாத்தன். மணல் அரைபடுற மாதிரி இருக்கு. நுனி உடையல்ல, ஒரு ஓரம் மட்டும் மழுங்கிக் கிடக்கு. அதை அரத்தால லேசா ராவி விடட்டா?

கல்முனை_பட்டறை

வேணாம் சேர், அரம் கிட்டயும் வரக் கூடாது. நுனிய ராவினாக் கட்டையாகும், அடி இன்னும் குறையும். ஹமர்ட அடிப்பக்கத்தில ட்ரிகர் கொளுவுற படி ஒண்டிருக்கு, அதில எமரித் தாள் கூட வைக்காதீங்க. அந்தப் படி கொஞ்சம் தேஞ்சாலும் காணும், ட்ரிகரைத் தொடாமலே ஹமர் நழுவி விழும். வெல்டிங் வெச்சு நுனிய நிரப்பித் தாறன் எண்டு ஆரும் சொன்னாலும் குடுக்காதீங்க. சூட்டில உருக்கு இளகிரும், பிறகு நாலு அடியில வளைஞ்சிரும்.

ஓய்வு_ஸ்டார்ட்டர் (மட்டக்களப்பு)

வெபர் மைதானத்தில கனகாலம் ஓட்டம் தொடக்கின ஆள் நான். என்ட அபிப்பிராயம், கழட்டவே வேணாம். பிஸ்டல் உடம்பு அனேகமா நாகக் கலவை வார்ப்பு, ஸ்குருப் புரி கெதியா அழிஞ்சிரும். ஹமரைப் பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டு, அது ஆடுற பிளவுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல்துலக்கி பிரஷால தேயுங்க. கறுப்பு வடிஞ்சு முடியுமட்டும் விட்டுத் தேச்சு, துணியால ஒத்தி எடுங்க. சிலிண்டர் அறைகளுக்குச் சின்னப் பித்தளை பிரஷ் காணும்.

ரவை பலமில்லாம, புகை காணாம வெடிச்சாலும் கரைச்சல்தான், சேர். 100 மீட்டர் முடிவிடத்தில நிக்கிற நேரக் கணிப்பாளர் புகையப் பாத்துத்தான் மணிக்கூட்டை அமத்தணும். சத்தம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர்தான் போகும், அங்க போய்ச் சேர 0.3 செக்கன் பிந்தும். புகை வராட்டி அவர் சத்தத்துக்கு அமத்துவார், பிள்ளைட நேரம் பிழைச்சிரும்.

கல்முனை_பட்டறை

ஐயா சொல்றது சரி, முதல்ல அதைச் செய்ங்க. அதுக்குப் பிறகும் அரைபட்டா ஹமர் சுத்துற அச்சுப் பக்கம் கரி இறுகியிருக்கு, திறக்கத்தான் வேணும்.

திறக்கிறதெண்டா வெள்ளைத் துணி விரிச்சு, ரவை இல்ல எண்டு திருப்பியும் பாத்து, ஹமரைக் கீழ இறக்கி வெச்சுத் தொடங்குங்க. பெருவிரலால பிடிச்சுத்தான் இறக்கணும், சும்மா விழ விடாதீங்க. சில மாடலில ஹமரை இழுத்தா ஸ்பிரிங் கம்பியில சின்ன ஓட்டை தெரியும். அதில பேப்பர் கிளிப்பை நுழைச்சிட்டு ஹமரை இறக்கினா ஸ்பிரிங் கட்டுப்பட்டு நிக்கும், கண்ணில தெறிக்காது. ஸ்குரு ட்ரைவர் ஸ்குருத் தலையில இருக்கிற பிளவை முழுசா நிரப்புற அளவா இருக்கணும். தகட்டை ட்ரைவரால நெம்பாதீங்க. ட்ரைவர்ட மரப்பிடியால உடம்பில மெதுவாத் தட்டுங்க, அதிர்வுக்குத் தானா எழும்பும்.

தகடு கழண்ட பிறகு ஹமரை இழுக்கவே கூடாது. ஹமர் சுத்துற அச்சுக்கு ரெண்டு பக்கமும் பிடிமானம் வேணும். தகடு இல்லாட்டி ஒரு பக்கம் மட்டும்தான், ஸ்பிரிங் இழுவைக்கு அச்சு சாயும், இல்லாட்டி முறியும். சிலிண்டர் கழண்டு கிடக்கக்குள்ளயும் ட்ரிகரை இழுக்காதீங்க, ஹமர் வந்து உடம்பிலயே மோதும். ஒவ்வொரு சாமான் எடுக்க முன்னமும் ஒரு போட்டோ எடுங்க.

மைதானத்து_சேர்

கழட்டத் தேவை வரல்ல. ஐயா சொன்ன மாதிரிச் செய்தன். பிளவுக்குள்ள இருந்து கரி சேறு மாதிரி வடிஞ்சிது, அரிசிப் பருமன்ல ஒரு செப்புச் சீவலும் வந்திச்சு, பழைய ரவைட விளிம்பு உடைஞ்சதாக்கும். இப்ப ஹமர் வழுக்கிக்கொண்டு போகுது. புது ரவை முதல் அடியிலயே வெடிக்குது, தடமும் ஆழம். மழுங்கின ஓரத்தை அப்பிடியே விட்டிட்டன்.

ஓய்வு_ஸ்டார்ட்டர் (மட்டக்களப்பு)

நல்லம் சேர். மெல்லிய தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சில, அதுக்கு மேல வேணாம். எண்ணெய் ரவைக்குள்ள போனா மருந்து செத்திரும். தோல் உறையில வெச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தை இழுக்கும், கடல்காத்து ஊரில துரு சொல்லாம வரும். காய்ஞ்ச பருத்தித் துணியில சுத்தி, ரவைய வேற பெட்டியில வையுங்க. போட்டி முடிஞ்ச அண்டைக்கே துடைச்சிருங்க, கரி இறுக விடாதீங்க. சுடக்குள்ள காதடைப்பான் போடுங்க. பிள்ளையள் பக்கத்தில நிண்டா வாய் எப்பவும் வானத்தைப் பாத்திருக்கட்டும், வெற்று ரவைட நெருப்பும் கிட்டத்தில சுடும்.

கல்முனை_பட்டறை

வேற மைதானத்துக்கு பஸ்ஸில கொண்டு போறதெண்டா அதிபர்ட கடிதமும் பள்ளி இருப்புப் பதிவுட பிரதியும் கையில இருக்கட்டும் சேர். பாக்கிற ஆக்களுக்கு அது உண்மைப் பிஸ்டல் மாதிரித்தான் தெரியும்.