பொருள்: 'பித்தப்பை அழற்சி' எடுபடுமா? செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்

[மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட்]
வணக்கம். பக்கத்துத் தோட்டங்களில் ஒட்டவும் கோவில் மண்டபத்தில் கொடுக்கவும் பித்தப்பை நோய் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை. மலாய் மூலத்தில் 'ராடாங்' என்று இருக்கிறது. அகராதி அதை 'அழற்சி' என்கிறது, ஆகப் 'பித்தப்பை அழற்சி'. படிக்கப்போகிறவர்கள் செம்பனையில் (எண்ணெய்ப்பனை) வேலை செய்பவர்களும் பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்த பெரியவர்களும். அப்படியே போடலாமா?

[தமிழாசிரியர்]
தாராளமாகப் போடுங்கள். அழல் என்றால் தீ. முயல், முயற்சி, பயில், பயிற்சி, அதே வழியில் அழல், அழற்சி. ஆங்கில 'இன்ஃப்ளமேஷன்' வந்த லத்தீன் சொல்லுக்கும் வேர் தீச்சுடர்தான். மலாயில் 'மெராடாங்' என்றால் கோபத்தில் கொதிப்பது. மூன்று மொழிக்கும் உள்ளே ஒரே சூடு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

[மருத்துவ உதவியாளர், அரசு கிளினிக்]
ஆசிரியர் ஐயா, தாளில் சரி. வாயில்? நம் பக்கம் பலருக்கு ழகரம் லகரமாகத்தான் வரும். 'அழற்சி' என்று சொன்னால் காதில் 'அலர்ஜி' என்று விழும். ஆள் இறாலையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார். 'பித்தப்பை வீக்கம்' என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

[டாக்டர்]
> 'பித்தப்பை வீக்கம்' என்று போடுங்கள்

வேண்டாம் தம்பி. வீக்கம் என்றதும் வயிற்றைத் தடவிப் பார்த்து, 'ஒன்றும் வீங்கவில்லையே' என்பார்கள். வீங்குவது உள்ளே பித்தப்பையின் சுவர். ஸ்கேனில் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே தடிப்பு என்கிறோம். வெளியே கைக்குத் தெரியாது.

சொல்லைவிட எனக்கு அடுத்த பத்திதான் முக்கியம். பெரும்பாலும் ஒரு கல் பித்தப்பையின் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. அடைத்த கல் தானே நழுவிவிட்டால் வலி சில மணி நேரத்தில் அடங்கும். அது வெறும் கல் வலி. நழுவாமல் இறுகினால் பித்தம் தேங்கி, சுவர் புண்ணாகி, கிருமியும் சேரும். அப்போது வலி ஆறு மணி நேரத்தைக் கடந்தும் விடாது, காய்ச்சல் வரும், வாந்தி வரும். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி வலது தோளுக்கோ முதுகுக்கோ ஏறும். இங்கே பாதிப் பேர் இதை வயிற்றெரிச்சல், 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை வாங்கி விழுங்கி ஒரு நாளைக் கடத்துகிறார்கள்.

இன்னொன்று. விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தியபடி மூச்சை இழுக்கச் சொன்னால், வலியில் பாதியிலேயே நிறுத்திவிடுவார். மர்ஃபி அடையாளம் என்போம். இதைத் தமிழில் எழுதும்போது 'மூச்சுப் பிடிப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு அது தைலம் தேய்த்து நீவிவிடுகிற சமாச்சாரம். சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் இந்த அடையாளமும் காய்ச்சலும் இல்லாமலே நோய் முற்றியிருக்கலாம் என்பதையும் சேருங்கள்.

[தனித்தமிழ் அன்பர், ஈப்போ]
எல்லாரும் அழற்சியோடு மல்லுக்கட்டுகிறீர்கள். 'பித்தம்' வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லை. 'நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று' என்கிறது குறள். சித்த மருத்துவத்தில் அந்த மூன்று வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்). பித்தத்துக்குத் தமிழ் அழல். ஆகவே பித்தப்பை 'அழற்பை'. நோய்க்கு 'அழற்பை வேக்காடு'. முழுச் சொல்லும் தமிழ்.

[தமிழாசிரியர்]
ஐயா, அழல் பித்தம் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அழற்பை என்றால் கேட்பவர் எந்த உறுப்பை நினைப்பார்? 'பித்தப்பைக் கல்' என்ற சொல் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு புழங்குகிறது. அதைப் பிடுங்கி எறிய வேண்டாம்.
'வேக்காடு' மட்டும் எனக்குப் பிடிக்கிறது. பேச்சில் உள்ள சொல், லகர ழகரச் சிக்கலும் இல்லை.

[மருத்துவ உதவியாளர்]
வேக்காடு என்றால் வெயிலும் நினைவுக்கு வருமே. சரி, வேறு வழியில்லை. ஆனால் 'பித்தம்' என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம். இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் குடித்தால் இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். 'இஞ்சிச்சாறு கல்லை எடுக்காது' என்று ஒரு வரி போடுங்கள்.

[தனித்தமிழ் அன்பர், ஈப்போ]
'செம்பனை' என்று இந்த நாட்டில் அழகாகப் புழங்குகிறதே, அதையும் முதலில் யாரோ ஒருவர் துணிந்து எழுதியிருப்பார். எழுதினால்தான் புழங்கும்.

[டாக்டர்]
செம்பனையைக் கண்ணால் பார்க்க முடியும் ஐயா, பித்தப்பையைப் பார்க்க முடியாது. பெயரைக் கேட்டே இடம் தெரிய வேண்டும்.

சிகிச்சைப் பத்திக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வந்ததும் வாய்வழி ஒன்றும் தராமல் டிரிப் ஏற்றுவோம், வலிக்கு ஊசி, கிருமிக்கு மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். வலி மேல்வயிற்றில் என்றால் இதயத்துக்கு ஈசிஜியும் எடுப்போம். உடல் தாங்கும் நிலையில் இருந்தால் முடிந்தவரை முதல் சில நாள்களிலேயே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. மருந்தில் வலி தணிந்ததும் வீட்டுக்கு ஓடினால் கல் அங்கேயே இருக்கும், திரும்ப அடைக்கும். தாமதித்தால் பை அழுகலாம், கிழியலாம். அறுவைக்குத் தாங்காதவருக்குத் தோல் வழியே குழாய் வைத்துச் சீழை வடிப்போம். கண் மஞ்சளானால் கல் பொதுப் பித்தக் குழாயில் இறங்கியிருக்கலாம். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர எண் 999.

[மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட்]
அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தலைப்பு: 'பித்தப்பை வேக்காடு'. உள்ளே முதல் முறை மட்டும் 'பித்தப்பை அழற்சி (ஒவ்வாமை அல்ல)'. மூன்று பேர் சரி என்கிறார்கள். மர்ஃபி அடையாளத்துக்கு 'மூச்சை இழுக்க முடியாமல் வலி நிறுத்தும்' என்று எழுதியிருக்கிறேன்.

[தனித்தமிழ் அன்பர், ஈப்போ]
'அழற்பை' ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது வரட்டும். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.