படம் வேண்டாம், குரல் போதும்: வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்த அனுபவங்கள்

திருச்சி, வங்கி ஊழியர்:

வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி தேர்வுக்காக நான் வாங்கிய வகுப்புகள் மொத்தம் 42 வீடியோக்கள், 17 ஜிபி. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஆசிரியர் பலகையில் எழுதும் காட்சி எனக்கு வெறும் சுமை. தினமும் தஞ்சாவூர் கிளைக்குப் பஸ்ஸில் போய்வரும்போது பழைய போனில் கேட்க ஒலி மட்டும் போதும்.

முதலில் இறக்கிய மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரெல்லாம் புகழ்ந்த மென்பொருள்தான். டேப் விசையை அழுத்த அழுத்த, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது எதற்கு என்று ஒரு சொல் இல்லை. எல்லாவற்றையும் படமாக வரைந்துவைத்திருக்கிறார்கள். அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். "சித்தப்பா, நடுவில் ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. கோப்பை இங்கே இழுத்துப் போடவும் என்று எழுதியிருக்கிறது" என்றான். இரண்டு பாடங்களை மாற்றிக் கொடுத்தான். மூன்றாவதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. மீதி நாற்பதுக்கும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? போதாததற்கு, நிறுவும்போது ஏதோ ஒரு தேர்வுப்பெட்டியை நான் கவனிக்காமல் விட்டதில், கேட்காத பிரவுசர் ஒன்றும் கணினியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒரு நண்பர் போனில் சொன்ன வழிதான் எஃப்எஃப்எம்பெக், கட்டளையை எழுதி வீடியோவையும் ஒலியையும் மாற்றும் மென்பொருள். பார்வையுள்ளவர்கள் பார்த்தால் பயப்படும் கறுப்புத் திரை. எழுத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை என்பதால் நமக்கு அதைவிட வசதியானது வேறில்லை. அந்த மென்பொருளின் கோப்பை வீடியோக்கள் இருந்த ஃபோல்டரிலேயே போட்டேன். ஆல்ட்டுடன் டி அழுத்தி முகவரிப் பட்டைக்குப் போய், சி எம் டி என்று அடித்து என்டர். அந்த ஃபோல்டரிலேயே திரை திறந்தது. அடித்த கட்டளையைக் காதில் கேட்டபடியே எழுதுகிறேன்: எஃப்எஃப்எம்பெக், இடைவெளி, டேஷ் ஐ, இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் வீடியோவின் பெயர், இடைவெளி, டேஷ் வி என், இடைவெளி, டேஷ் சி கோலன் ஏ, இடைவெளி, காப்பி, இடைவெளி, கடைசியில் புதிய பெயர். வி என் என்றால் வீடியோ வேண்டாம். காப்பி என்றால் ஒலியை இருக்கிறபடியே எடு.

முதல் தடவை சொதப்பினேன். புதிய பெயரின் வாலில் எம்பி3 என்று போட்டுவிட்டேன். என்டர் அடித்ததும் என்விடிஏ மூச்சுவிடாமல் எதையெதையோ வாசித்துத் தள்ளியது. "சித்தப்பா, எல்லாம் சிவப்பாக வருகிறது" என்றான் பையன். சிவப்பு எனக்குத் தெரியாது. எண்பலகையின் 7-ஐ அழுத்தி ஒவ்வொரு வரியாக மேலே போனேன். எம்பி3 ஒலி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எம்பி4 கோப்பு ஒரு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. அந்த ஒலி பெரும்பாலும் ஏஏசி வகை. காப்பி என்றால் அடுக்கைக் கழற்றி அப்படியே கையில் கொடுப்பது. எம்பி3 வேண்டுமென்றால் புதிதாகச் சமைக்க வேண்டும். நேரமும் ஆகும், தரமும் கொஞ்சம் குறையும். வாலை எம்4ஏ என்று மாற்றினேன். ஒரு மணி நேரப் பாடம் சில நொடிகளில் வெளியே வந்தது. 128 கேபிபிஎஸ் ஒலி என்பதால் அது 58 எம்பிக்குள் அடங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. வேலை நடக்கும்போது சைஸ், டைம், ஸ்பீட் என்று எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். என்விடிஏ எல்லாவற்றையும் வாசிக்கப் பார்த்துத் திக்கித் திணறும். என்விடிஏ விசையுடன் 5 அழுத்தினால் அந்தப் பேச்சு நிற்கும். முடிந்ததும் மறக்காமல் மறுபடி அழுத்திவிடுங்கள். நான் மறந்து, கணினியே கெட்டுவிட்டது என்று ஒரு மாலை முழுக்கத் தவித்தேன்.

மதுரை, பாட்டு ஆசிரியை:

சார், உங்கள் கறுப்புத் திரை எனக்கு ஒத்துவராது. என் மாணவிகள் வீட்டில் பாடிப் பழகியதை வீடியோவாக அனுப்புவார்கள். அதில் குக்கர் விசில் இருக்கும், "அம்மா, கேமராவைப் பிடி" இருக்கும், பிறகுதான் வர்ணம். எடுத்தால் மட்டும் போதாது, வெட்டவும் வேண்டும்.

நான் ஒலியை வெட்டித் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் செய்கிறேன். எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவிக்கொண்டால் எம்பி4 கோப்பை நேரடியாகத் திறக்கலாம்; படத்தைத் தானே தள்ளிவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஸ்பேஸ் அழுத்திக் கேட்டுக்கொண்டே, பாட்டு தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்புக்குறி, முடியும் இடத்தில் வலது. அவ்வளவுதான், நடுப்பகுதி தேர்வாகிவிடும். சுட்டியைத் தொடவே வேண்டாம். தேர்வு செய்ததை மட்டும் ஏற்றுமதி செய்யும்போது என்விடிஏ பீப் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகும். எனக்கு அது ஆரோகணம். எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதை வைத்தே இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பீப் பிடிக்காதவர்கள் என்விடிஏ விசையுடன் யு அழுத்தி, சதவீதமாகச் சொல்லும்படி மாற்றிக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்:

நான் இணையத்திலேயே மாற்றித்தரும் ஒரு தளத்தில் மாட்டிக்கொண்டேன். அக்கா கல்யாண வீடியோ, நாதஸ்வரம் மட்டும் வேண்டும் என்று பாட்டி கேட்டார். 2 ஜிபி ஏற்றவே அரை நாள். ஏற்றி முடித்த பிறகு, நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க டிராஃபிக் சிக்னல் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். குடும்ப வீடியோவை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்பியதுதான் மிச்சம்.

திருச்சி, வங்கி ஊழியர்:

தம்பி, கோப்பை வெளியே அனுப்பாதீர்கள். நாதஸ்வரத்துக்கும் அதே ஒரு வரிதான், இணையம்கூட வேண்டாம்.

டீச்சர் சொன்னது சரி, வெட்டுவதற்கு ஆடாசிட்டிதான். ஆனால் நாற்பது கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க எனக்குப் பொறுமை இல்லை. நோட்பேடில் ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளைத் தானே ஓட்டும் கோப்பு, எழுதினேன். ஃபோல்டரில் உள்ள எல்லா எம்பி4-ஐயும் அது வரிசையாக எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயருக்குப் பதிலாக நிற்கும் எழுத்துக்கு முன், திரையில் நேராக அடித்தால் சதவீதக் குறி ஒன்று போதும், பேட்ச் கோப்பில் இரண்டு போட வேண்டும். அதில் ஒன்று குறைந்ததற்கு ஒரு ராத்திரி போயிற்று.

தமிழில் பெயர் வைத்த பாடங்கள் இன்னொரு தொல்லை. என்விடிஏவின் ஆங்கிலக் குரலுக்கு "பாடம் 7" என்பதில் 7 மட்டும்தான் கண்ணில் பட்டது. விண்டோஸின் வள்ளுவர் குரலுக்கு மாற்றினேன். பெயர்கள் தெளிவாக வந்தன, கட்டளைகளை மட்டும் அவர் கொஞ்சம் கடித்து மென்றார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் எண்ணோடு பெயர் வைத்துவிட்டேன். பேட்ச் கோப்பின் முடிவில் மணி அடிக்க ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். நேற்று அது அடித்தபோது அம்மா, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், போய்ப் பார் என்றார்.