ஸ்டேசி டிராகிலாவை முன்னோடி என்று சொல்வது ஏன்?

கேள்வி:
பெண்கள் கோலூன்றித் தாண்டுதல் என்றதும் எலெனா இசின்பயேவாவின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. 2009இல் சூரிச்சில் அவர் தாண்டிய 5.06 மீட்டரை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலாவோ ஐந்து மீட்டரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இருந்தும் மூத்த ரசிகர்கள் அவரையே முன்னோடி என்கிறார்கள். அதற்குக் காரணம் என்ன?

முதல் பதில்:
அவர் தாண்டிய உயரத்தோடு, அவர் தாண்டத் தொடங்கிய காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1896 முதலே ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் இருந்த இந்தப் போட்டி, பெண்களுக்கு 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் கிடைத்தது. டிராகிலா ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹெப்டத்லான் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது) வீராங்கனையாக இருந்தவர். பயிற்சியாளர் டேவ் நீல்சன் ஊக்குவித்ததால் கோலைக் கையில் எடுத்தார். அப்போது பெண்களுக்கு இதில் உலகப் பட்டமும் இல்லை, ஒலிம்பிக் பதக்கமும் இல்லை. அவை ஒவ்வொன்றாக வந்தபோது, 1997இல் பாரிஸில் உள்ளரங்க உலகப் பட்டம், 1999இல் செவில்லில் உலகப் பட்டம், சிட்னியில் 4.60 மீட்டர் தாண்டி ஒலிம்பிக் தங்கம் என்று மூன்றிலும் முதல் வெற்றியாளர் அவர்தான். எட்மன்டனில் 2001இல் அவரும் ஸ்வெட்லானா ஃபியோஃபனோவாவும் 4.75 மீட்டரில் சமமாக நின்றபோது, தவறிய முயற்சிகள் குறைவாக இருந்ததால் உலகப் பட்டம் மீண்டும் அவருக்கே கிடைத்தது.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவின் எம்மா ஜார்ஜைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. சிறுவயதில் சர்க்கஸில் சாகசம் செய்த அவர், 1995 முதல் 1999 வரை உலக சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து 4.60 மீட்டருக்குக் கொண்டுவந்தார். செவில்லில் டிராகிலா சமன் செய்தது அந்த உயரத்தைத்தான். சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் எம்மாவால் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சிட்னியில் தங்கத்துக்குப் போதுமாயிருந்த 4.60 மீட்டர், நான்கே ஆண்டுகளில் ஏதென்ஸில் எப்படி 4.91 ஆனது?

மூன்றாம் பதில்:
ஓடிவரும் வேகத்தை வளையும் கோல் வாங்கி வைத்து, உயரமாகத் திருப்பித் தருகிறது. ஆகவே வேகமாக ஓடுபவர் இன்னும் விறைப்பான கோலை, இன்னும் மேலே பிடித்து ஊன்ற முடியும். டிராகிலாவிடம் ஹெப்டத்லான் தந்த அந்த வேகம் இருந்தது. ஆனால் தலைகீழாகத் திரும்பிக் குறுக்குக் கம்பைக் கடக்கும் கலையை அவர் வளர்ந்த பிறகே கற்றார். ஏதென்ஸில் அந்த 4.91ஐத் தாண்டிய இசின்பயேவா ஐந்து வயது முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி, உயரம் கூடியதால் பதினைந்து வயதில் அதை விட்டு இங்கே வந்தவர். என் கணிப்பில் பெரிய வேறுபாடு இதுதான். ஏதென்ஸில் டிராகிலா தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. அதனால் அவர் தளர்ந்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள்: தன் வாழ்நாளிலேயே மிக உயரமான 4.83 மீட்டரை, 33 வயதில், அதே 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஆஸ்ட்ராவாவில் அவர் தாண்டினார்.