நைட் ஷிஃப்ட் 9 மணி நேரம், பைத்தான் 8-னு காட்டுது (நியூயார்க் டைம்ஜோன்)

வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. நியூயார்க் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு சம்பளக் கணக்கு போடுற ப்ரோக்ராம் இது, 2025 நவம்பர் 1 சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்ச ஷிஃப்ட் ஞாயிறு காலைல 6 மணிக்கு முடியுது, நடுவுல 2 மணி ஆனதும் அங்க கடிகாரத்தை 1 மணிக்கு திருப்பிடுறாங்க, ஆக உண்மையில 9 மணி நேரம் வேலை. பிரிண்ட் பண்ணா ஆரம்பம் -04:00, முடிவு -05:00னு ஆஃப்செட் (யூடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துலேர்ந்து உள்ள வித்தியாசம்) சரியாத்தான் இருக்கு, கழிச்சா மட்டும் 8 வருது. டைம்ஜோனுக்கு பைடிஇசட் (pytz) லைப்ரரி இருந்த வரைக்கும் 9 வந்துச்சு, ஜோன்இன்ஃபோ (zoneinfo) லைப்ரரிக்கு மாறின பிறகுதான் இப்படி. கண் முழிச்சு வேலை பாத்தவங்க கூலி ஒரு மணி நேரம் குறையுது, விடக்கூடாது.

பதில் 1:
ஜோன்இன்ஃபோ மேல தப்பு இல்ல ப்ரோ. ரெண்டு நேரத்துலயும் ஒரே டைம்ஜோன் ஆப்ஜெக்ட் இருந்தா பைத்தான் ஆஃப்செட்டை பாக்கவே பாக்காது, கடிகாரத்துல தெரியுற நேரத்தை மட்டும் கழிக்கும். பைடிஇசட்ல லோக்கலைஸ் பண்ணும்போது, அதாவது நேரத்தோட டைம்ஜோனை சேர்க்கும்போது, கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஆப்ஜெக்ட் வரும், அதனால அங்க தானாவே சரியாயிடுச்சு. ரெண்டையும் யூடிசிக்கு மாத்திட்டு கழிங்க, நவம்பர் 2 யூடிசி 02:00-லேர்ந்து 11:00 வரைக்கும், 9 வந்துடும். டைம்டெல்டா (கால அளவு) கூட்டுற இடத்துலயும் இதே கதைதான், அதையும் தேடிப் பாருங்க.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா அன்னிக்கு 1:30 ரெண்டு தடவை வரும், ஒருத்தர் 1:30-க்கு பஞ்ச் பண்ணா (வருகை பதிவு போட்டா) எந்த 1:30? பைத்தான் நேரத்துல இதுக்குன்னே இருக்குற ஃபோல்டு (fold) மதிப்பு 0-ன்னா முதல் தடவை, 1-ன்னா ரெண்டாவது, நீங்க எதுவும் குடுக்கலன்னா 0-தான். பஞ்ச் விழும்போதே யூடிசில சேமிச்சு வச்சா இந்த வம்பே வராது.

கேட்டவர்:
யூடிசி மாத்தினதும் 9 வந்துடுச்சு, ரொம்ப நன்றிங்க! 2025 மார்ச் 8 ராத்திரி அதே 10-லேர்ந்து 6 ஷிஃப்ட்டுக்கும் (நடுவுல 2 மணிக்கு கடிகாரத்தை 3-க்கு தள்ளிடுறாங்க) 7 சரியா வருது. ஆனா மார்ச் 9 அன்னிக்கு 2:30-ங்கிற நேரமே கிடையாதே, யாராவது கையால அப்படி என்ட்ரி போட்டா எரர் வருமா?

பதில் 2:
வராது, அதுதான் ஆபத்து. யூடிசிக்கு மாத்தி திரும்ப நியூயார்க்குக்கு கொண்டு வாங்க, 3:30-ன்னு வரும். போட்ட நேரமும் வந்த நேரமும் வேற வேறன்னா அந்த என்ட்ரியை ஏத்துக்காம, போட்டவங்ககிட்டயே திருப்பிக் கேளுங்க.